ராணி ஆகோதாவின் மோதிர விரல்

பிணம் இன்னும் குழிக்குள் இறங்கவில்லை. அது கிடந்த கட்டில் அதற்குள்ளாகவே களவு போய்விட்டது.

லாம்பெர்ட் வாசற்படியிலேயே நின்றான். ராணி ஆகோதா உயிரை விட்ட அறை, காக்கை கொத்தி முடித்த மீன் முள் மாதிரி இருந்தது. நீலப் பட்டு மேற்கட்டி தொங்கிய இடத்தில் வெறும் ஆணிகள். சுவர்க் கம்பளம் இருந்ததற்கு வெளிறிய தடம்தான் சாட்சி. தலையணை ஒன்று தரையில் கிடந்தது. அதன் ஓரத்து வெள்ளிச் சரிகையை யாரோ பல்லால் கடித்து உருவியிருந்தார்கள். எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை.

"கரையான்கூட இவ்வளவு சுத்தமா வேலை பார்க்காது, அத்தான்," என்றான் பின்னால் நின்ற போஷா. "கதவை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. கனம் தாங்கலை போல."

போஷா, லாம்பெர்ட்டின் மனைவிக்குத் தம்பி. துறவியாகப் போன இடத்தில் தினமும் மொச்சைக் கஞ்சி ஊற்றினார்கள் என்று மடத்துச் சுவரேறிக் குதித்து வந்தவன். அவன் வருகிறான் என்றால் முதலில் மூக்கு வரும், அப்புறம் தொப்பை, கடைசியாகத்தான் ஆள்.

லாம்பெர்ட் ராணியின் நீதிபதிக்கு ஊழியன். வழக்கு என்றால் கழுத்தில் நீதிபதியின் முத்திரையைத் தொங்கவிட்டுக்கொண்டு விசாரிக்கப் போகிறவன். இன்று அந்த முத்திரைக்கே ஆயுசு குறைவு. ராணியின் குழியில் கடைசிப் பிடி மண் விழுகிறவரைதான் அதற்கு மதிப்பு. அதற்குப் பிறகு கெரெக்வார் கோட்டையில் ரடோல்ட் வைத்ததுதான் சட்டம்.

அந்த ரடோல்ட் ஜன்னலோரம் நின்று ஒரு வெள்ளித் தாம்பாளத்தைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ராணிக்கு அண்ணன் மகன், கோட்டைத் தலைவன். ராணியின் மென்மயிர் மேலங்கியை மாட்டியிருந்தான். அது அவனுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. அதிலிருந்து இரண்டு வியர்வை வீசிற்று. ஒன்று செத்தவளுடையது, மற்றது இவனுடையது.

"நல்ல வெள்ளிதான்," என்றான் ரடோல்ட், தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"நல்ல வெள்ளிதான் பிரபு," என்றான் லாம்பெர்ட். "தொழுநோயாளிங்க காலைக் கழுவ ராணி வச்சிருந்த தாம்பாளம்."

ரடோல்ட் துப்பினான். துப்பிவிட்டு மேலங்கியின் கைப்பகுதியால் நாக்கைத் துடைத்தான். ஆனால் தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை.

"மேலங்கியை ராணி சமையல்காரிக்கு எழுதி வச்சதா ஞாபகம்," என்றான் போஷா.

"எழுதலை. வாயாலதான் சொன்னாங்க. குளிர் போகட்டும், குடுக்கறேன்."

"உங்களுக்கு முகம் பார்க்கிற கண்ணாடி மட்டும்தானே பிரபு?"

ரடோல்டின் காது சிவந்தது. ராணி சாகுமுன் மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, தன்னுடையது அத்தனையையும் வாய்விட்டுப் பிரித்துக் கொடுத்திருந்தாள். கிரீடமும் கட்டிலும் ஆற்று நடுத் தீவிலிருந்த தொழுநோயாளிகளுக்கு. ரடோல்டுக்குக் கண்ணாடி, 'ஒரு தடவையாவது அவன் மூஞ்சியை அவனே பார்க்கட்டும்' என்று. கன்னிமாடத் தலைவி அன்னை பிரோஷ்காவுக்குத் தன் தேய்ந்த செருப்பு, 'நோயாளிகளைப் பார்க்க இனிமேலாவது பல்லக்கில்லாமல் நடந்து போகட்டும்' என்று. மாணிக்க மோதிரம் பணிப்பெண் ஐபிகேக்கு, கூடவே அவளுடைய விடுதலையும். நோயில் விரல் வீங்கியிருந்ததால் மோதிரம் அப்போது கழலவில்லை. ராணி சிரித்தாளாம்: 'செத்தா வத்திப் போயிடுவேன்டி. அப்ப உருவிக்கோ.'

இன்று காலை பெட்டியை மூடப் போகையில், ராணியின் இடக்கையில் மோதிரம் மட்டுமில்லை, மோதிர விரலையே காணோம்.

"வழக்கு முடிஞ்சுது," என்றான் ரடோல்ட். "அந்தக் கூமான் கழுதை ஐபிகேயோட படுக்கையிலேயே மோதிரம் கெடைச்சுது. என் ஆளுங்கதான் எடுத்தாங்க. அடக்கம் முடிஞ்ச கையோட அவ ரெண்டு கையும் போகும். நீ வந்த வழியே போகலாம்."

"மோதிரத்தைக் காட்டுங்க."

ரடோல்ட் முத்திரையை ஒரு பார்வை பார்த்தான். வேண்டா வெறுப்பாக இடுப்புப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வெள்ளைத் துணியில் மடித்திருந்த மோதிரம். துணி ஓரத்தில் நீல நூல் ஓடிற்று. மோதிரம் பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது.

"விரல் எங்க?" என்று கேட்டான் லாம்பெர்ட்.

"எந்த விரல்?"

"மோதிரம் கிடந்த விரல்."

"எந்த நாய் தூக்கிட்டுப் போச்சோ! மோதிரம் போனாத்தான் நஷ்டம். அழுகின விரலை வச்சு யாருக்கு என்ன?"

லாம்பெர்ட் மோதிரத்தைத் துணியோடு தன் பைக்குள் போட்டுக்கொண்டான். "வழக்குச் சொத்து," என்றான். ரடோல்ட் வாயைத் திறந்தபோது அவர்கள் படியிறங்கியிருந்தார்கள்.

முற்றத்தில் ஊர் ஜனம் அடக்கத்துக்காகக் கூடியிருந்தது. வேலியோரமாகத் தீவிலிருந்து வந்த தொழுநோயாளிகள், தங்கள் வருகையை எச்சரிக்கும் மரக் கிலுகிலுப்பை ஆளுக்கொன்றோடு தனியே நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஒரு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் விட்டிருந்தது கூட்டம்.

கிணற்றடி தாண்டும்போது போஷா சட்டென்று நின்று மூக்கை உயர்த்தினான்.

"அத்தான், யாரோ கறி வேக வைக்கிறாங்க."

"தவக்காலம்டா இது. ஊரே காஞ்ச மீனும் வெங்காயமுமா கிடக்கு."

"அதனாலதான் சொல்றேன். கறி. திராட்சை மது ஊத்தி, ரோஸ்மேரி தழை போட்டு, பதமா வேகுது. இந்தக் கன்னிமாடத்து அக்காமாருங்க நம்மளை நோன்பு இருக்கச் சொல்லிட்டு, உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு வெளுத்துக் கட்டறாங்க."

"பசிச்சா உனக்குப் பாறாங்கல்லும் கறியா மணக்கும். வா."

ஐபிகேயைப் பன்றிக் கொட்டிலில் அடைத்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். கணுக்கால்வரை சேறு. ஒரு பன்றி அவள் பாவாடை நுனியை மென்றுகொண்டிருந்தது. சமவெளியில் குதிரை மேய்க்கிற கூமான்களிடமிருந்து சிறுபிராயத்திலேயே பிணையாகக் கொண்டுவரப்பட்டவள். ஞானஸ்நானம் கொடுத்தும் ஊர் அவளைக் குதிரைக்கறிக்காரி என்றுதான் கூப்பிட்டது.

"நீ எடுத்தியா?" என்று கேட்டான் லாம்பெர்ட்.

"எனக்கு அவங்க குடுத்ததை நான் எதுக்குத் திருடணும்?"

"கழலலைன்னு நீ வெட்டிட்டதா ரடோல்ட் பிரபு சொல்றாரு."

ஐபிகே பன்றியைக் காலால் தள்ளினாள். "கழண்டுச்சு. அம்மா செத்ததும் கையிலிருந்த நீரெல்லாம் இறங்கிப் போச்சு. நேத்து சாயங்காலம் கை துடைக்கிறப்ப மோதிரம் தானா சுத்துச்சு. உருவியிருக்கலாம். அவங்க கையில இன்னும் ஒரு ராத்திரி இருக்கட்டும்னு நான்தான் விட்டேன். காலையில எடுத்துக்கலாம்னு துணியை விலக்கினா..." அவள் நிறுத்தினாள். "நான் போட்ட கூச்சல்லதான் எல்லாரும் ஓடி வந்தாங்க."

"எடுத்தவ எதுக்குக் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டணும்?" என்று போஷா முணுமுணுத்தான்.

"ஐயா," என்றாள் ஐபிகே. "உசிரோட இருந்தப்ப அந்தக் கை நாறுதுன்னு ஒருத்தரும் கிட்ட வரலை. சோறு ஊட்டினதும் நான்தான், சீழ் துடைச்சதும் நான்தான். இப்ப செத்தப்புறம் எல்லாருக்கும் அந்தக் கை வேணும். காறித் துப்பணும் போல இருக்கு. வாயில எச்சில் இல்லை."

போஷா தன் தண்ணீர்க் குடுவையை அவளிடம் நீட்டினான்.

ஆலயத்தில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. பெட்டி திறந்திருந்தது. ராணி ஆகோதாவின் முகம் மஞ்சளாக, சற்றே கேலியாக இருந்தது. தலைமாட்டில் முழங்காலிட்டிருந்த அன்னை பிரோஷ்கா எழுந்து வந்தாள். நெடிய உருவம். அழுது அழுது கண்ணிமைகள் தடித்திருந்தன.

"சீக்கிரம் பாருங்க தம்பி," என்றாள். "இந்தப் பொண்ணு இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா? ஆண்டவர்தான் அவளை மன்னிக்கணும்."

ரடோல்டும் பின்னாலேயே வந்து பெட்டியோரம் நின்றான்.

லாம்பெர்ட் இடக்கையின் மேலிருந்த துணியை நீக்கினான். கையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. அவிழ்த்தான். விரல் இருந்த இடத்தில் மூட்டோடு சுத்தமாக வெட்டு. வெட்டுவாயில் ரோஸ்மேரி தழை அடைத்து, மேல்தோலை இழுத்து இரண்டு தையல் போட்டிருந்தது. கட்டுத்துணி ஓரத்தில் நீல நூல்.

"என்ன அத்தான் இது?" போஷா குனிந்து பார்த்தான். "செத்தவங்களுக்குக் காயம் ஆறணும்னு வைத்தியம் பண்ணியிருக்கான் திருடன். நல்ல மனுஷன்."

லாம்பெர்ட் பைக்குள்ளிருந்த மோதிரத் துணியை எடுத்துக் கட்டுத்துணியோடு வைத்துப் பார்த்தான். ஒரே நெசவு, ஒரே நீலம்.

"பலிபீடத் துணி," என்றாள் அன்னை பிரோஷ்கா அமைதியாக. "அதைத் துவைக்கிறவளும் ஐபிகேதான்."

"அப்படியா?" என்ற லாம்பெர்ட், ராணியின் வலக்கையைத் துணிக்கடியிலிருந்து வெளியே எடுத்தான். சுண்டுவிரலுக்கு அடுத்ததில் மெல்லிய பொன் வளையம் ஒன்று, கல்யாண மோதிரம். இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். தானாக உருண்டு வருவதுபோல அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

ரடோல்டின் கை தன்னை அறியாமல் நீண்டது. லாம்பெர்ட் அவன் கையை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு, மோதிரத்தைத் திரும்ப ராணியின் விரலிலேயே மாட்டினான். ரடோல்ட் எச்சில் விழுங்கிய சத்தம் ஆலயம் முழுக்கக் கேட்டது.

"போதும்," என்றான் லாம்பெர்ட். துணியை இழுத்து மூடினான்.

வெளியே வந்து கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டான். போஷா வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

"பொண்ணு சொன்னது நிஜம், மாப்ளே. கை வத்திப் போச்சு. மோதிரம் தானா கழலுது. பின்ன எதுக்கு வெட்டணும்?"

"கழலும்னு தெரியாதவன் வெட்டியிருப்பான்."

"இழுத்துப் பார்க்காமலேயா? இன்னொரு கையில ஒரு பொன் மோதிரம் இருக்கு, அதை ஏன் விட்டான்? மாணிக்கத்தை ஏன் கழுவித் துடைச்சு, பட்டுப்போல மடிச்சு, அடுத்தவ படுக்கையில வச்சான்? நாம எல்லாரும் தலைகீழாப் பார்க்கிறோம். மோதிரத்துக்காக விரலை எடுக்கலை. விரலுக்காக மோதிரத்தைக் கழட்டிப் போட்டிருக்காங்க."

"விரலை வச்சு என்ன பண்ணுவாங்க? முதுகு சொறியவா?" என்று சிரித்த போஷா பாதியில் நிறுத்தினான். முகத்தில் சிரிப்பு மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது. "அத்தான்... நான் இருந்த மடத்துல ஒரு புனிதரோட முழங்கால் சில்லு இருந்துச்சு. வெள்ளிப் பேழையில வச்சு, வருஷம் ஒரு தடவை வெளியே எடுப்பாங்க. நொண்டி, குருடு எல்லாம் காணிக்கையோட வரும். அதைக் காட்டியே புது மணிக்கூண்டு கட்டினாங்க."

"வெறும் எலும்பா, சதையோடயா?"

"சதையோட வச்சா நாறிப் போகாதா? வெறும் எலும்புதான்."

"சதையை எப்படி எடுப்பாங்க?"

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. மதுவுல போட்டு, ரோஸ்மேரி தழை போட்டு, பதமா வேக..."

அவன் வாய் அப்படியே நின்றது. மூக்கு மட்டும் மெல்லத் திரும்பிற்று. முற்றத்துக் கோடியில், கன்னிமாடத்து மருந்தறையின் புகைக்கூண்டிலிருந்து நீலமாக ஒரு இழை மேலே போய்க்கொண்டிருந்தது.

"நான் மோந்த கறி..." என்றான் போஷா. "அத்தான், எனக்கு அப்ப நாக்குல எச்சில் ஊறிச்சு."

அதற்குமேல் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

மருந்தறை பூட்டியிருந்தது. லாம்பெர்ட் கைத்தடியால் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அன்னை பிரோஷ்கா வந்தாள். இடுப்பில் சாவிக் கொத்து குலுங்கிற்று.

"என்ன தம்பி வேணும்?"

"கதவைத் திறங்க தாயே."

அவள் மறுக்கவில்லை. திறந்தாள். தாழ்ந்த கூரை, உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கும் மூலிகைக் கட்டுகள். அடுப்பில் ஒரு சிறு செப்புப் பானை. மூடியின் ஓரத்தில் நுரை கட்டிக் கட்டி உடைந்தது. போஷா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றான்.

"இது என்ன?"

"நோயாளிங்க புண்ணுக்குக் கஷாயம். மதுவும் மூலிகையும்."

"மருந்துதானே?" லாம்பெர்ட் ஆணியில் தொங்கிய அகப்பையை எடுத்தான். மூடியைத் தள்ளி, அடியைக் கலக்காமல் மேலாக மொண்டு அவளிடம் நீட்டினான். "ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. நான் போயிடறேன்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்தான். அகப்பையைத் தட்டிவிடுவாள், முகம் வெளுக்கும், சொல்லாமலே எல்லாம் வெளியே வந்துவிடும். அதுதான் அவன் போட்ட கணக்கு.

அன்னை பிரோஷ்கா அகப்பையை இரண்டு கைகளாலும் வாங்கினாள். மண்டியிட்டாள். நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், நிதானமாக முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு அகப்பையின் விளிம்பை முத்தமிட்டாள். மூடிய இமைகளிலிருந்து கண்ணீர் வழிந்தது.

வெளியே போஷா ஓடுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து வேறொரு சத்தமும் கேட்டன.

லாம்பெர்ட் அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினான். பதினெட்டு வருஷமாகக் கொலைகாரர்களையும் விஷம் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறான். இப்படிக் குடித்தவரைப் பார்த்ததில்லை.

"புண்ணுக்குப் போடற கஷாயத்துக்கு யாரு தாயே மண்டி போடுவாங்க?" என்றான் கடைசியில்.

அவள் கண்ணைத் திறந்தாள். அதில் பயமில்லை, வெட்கமும் இல்லை. "அவங்க புனிதவதி. உங்களுக்குப் புரியாது. நான் கூடவே இருந்து பார்த்தவ. நாளைக்கு ரோமாபுரியே ஒத்துக்கும்."

"அதுக்குள்ள நீங்க ஒரு துண்டு எடுத்து வச்சுக்கிட்டீங்க."

"என் மடத்துக் கூரையைப் பாருங்க. மழை பெஞ்சா பிள்ளைங்க நனைஞ்சுக்கிட்டுத் தூங்குதுங்க. கிரீடத்தைத் தீவுக்குக் குடுத்தாங்க. கட்டிலைத் தீவுக்குக் குடுத்தாங்க. இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்குப் பழைய செருப்பு!" முதன்முறையாக அவள் குரல் உடைந்தது. "சபையே சிரிச்சுது. எனக்குன்னு அவங்க எதையும் விட்டுட்டுப் போகலை. நானா எடுத்துக்கிட்டேன். மோதிர விரல்லதான் இதயத்துக்குப் போற நரம்பு இருக்கு. அந்த எலும்பு இங்க இருந்தா ஜனம் வரும். கூரை போடலாம்."

"மோதிரத்தை அந்தப் பொண்ணோட படுக்கையில வச்சு மாட்டி விட்டீங்களே, அது எந்தப் புண்ணியத்துல சேர்த்தி?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். உண்மையாகவே புண்பட்டவள் போல. "மாட்டி விட்டேனா? மோதிரம் அவளுக்குன்னு குடுத்த சொத்து. நான் திருடி இல்லை. கழுவி, நல்ல துணியில வச்சு, அவ தலைமாட்டில சேர்த்தேன். அதை ரடோல்டோட ஆளுங்க எடுத்து ஆர்ப்பாட்டம் பண்ணினா நான் என்ன செய்ய?"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்."

"சொன்னா எலும்பு போயிடுமே."

"அவ ரெண்டு கையும் போயிருக்கும்."

"அவளுக்காக ஜெபம் பண்ணியிருப்பேன்," என்றாள் அன்னை பிரோஷ்கா. அதை அவள் மனமாரத்தான் சொன்னாள்.

லாம்பெர்ட் பானையைத் தானே அடுப்பிலிருந்து இறக்கினான். துணியால் கையைச் சுற்றிக்கொண்டு, அடியில் கிடந்ததை எடுத்து, மடித்துக்கொண்டு வெளியே நடந்தான்.

ஆலயத்துக்குள் ஜனம் நிரம்பிவிட்டது. ஐபிகேயைக் கொட்டிலிலிருந்து கூட்டி வந்து பெட்டியருகில் நிறுத்தினான் போஷா. அவன் முகம் பச்சையாக இருந்தது.

"இவ குத்தமில்லாதவ," என்றான் லாம்பெர்ட், முத்திரையைத் தூக்கிப் பிடித்து. "ராணி சொன்னபடி இவளுக்கு விடுதலை. மோதிரமும் இவளோடது. எல்லாரும் சாட்சி." மோதிரத்தை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"அப்ப எடுத்தது யாரு?" என்று கத்தினான் ரடோல்ட்.

லாம்பெர்ட் பெயரைச் சொல்ல நினைக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வாசலிலிருந்து அன்னை பிரோஷ்காவின் குரல், மணியடித்தாற்போல எழுந்தது.

"நான் எடுத்தேன்! அவங்க புனிதவதி! அந்த விரல்ல ஆண்டவரோட வல்லமை இருக்கு!"

யாரோ 'புனிதவதி' என்றார்கள். இன்னொருவர் அதையே சொன்னார். முன்வரிசையிலிருந்த ஒருத்தி பாய்ந்து ராணியின் போர்வை நுனியைக் கிழித்து மார்புக்குள் செருகினாள். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் பெட்டிமேல் சரிந்தது. ஒருவன் தலைமயிருக்குக் கையை நீட்டினான். ஒருத்தி நகத்துக்காகக் கத்தரிக்கோல் கேட்டு அலறினாள். அழுகின விரலை வைத்து என்ன என்று கேட்ட ரடோல்ட், மேலங்கியை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இது அவங்க போட்டது, அவங்க வேர்வை இதுல இருக்கு, யாரும் தொடாதீங்க!" என்று தூணோடு ஒண்டினான். அதற்குள் நாலு பேர் அதன் மயிரைப் பிய்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

லாம்பெர்ட் தடியைக் குறுக்கே பிடித்தான். போஷா தன் தொப்பையையே சுவராக்கி நின்றான். "சாமி விருந்து இல்லைடா இது, தள்ளுங்கடா!" என்று அவன் போட்ட சத்தம் எடுபடவில்லை. இருவரும் பெட்டியோடு சேர்ந்து நசுங்கினார்கள்.

அப்போது கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது.

வேலியோரம் நின்றிருந்த தொழுநோயாளிகள் வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். அவசரமில்லை. மூக்கில்லாத ஒரு கிழவன் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் துணி சுற்றிய கைகளும், கட்டைக் கால்களும். யாரையும் தள்ளவில்லை. நடந்தார்கள், அவ்வளவுதான். கூட்டம் அவர்களைப் பார்த்தது. "ஐயோ, தொட்டுடாதே!" என்று ஒருத்தி வீறிட்டாள். ராணியின் மயிருக்கு நீண்டிருந்த கைகள் நெருப்பைத் தொட்டதுபோல உள்ளே போயின. மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு புனிதவதியின் பக்தர்கள் சுவர்வரை பின்வாங்கினார்கள்.

நோயாளிகள் பெட்டியைச் சுற்றித் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். முதுகை ராணியின் பக்கமும் முகத்தை ஜனங்களின் பக்கமும் வைத்து.

வட்டத்துக்குள் லாம்பெர்ட் எலும்பிருந்த துணி மடிப்பை ஐபிகேயிடம் கொடுத்தான். "இதை வேற யாரும் தொட வேண்டாம். நீயே வை. முடிஞ்சதும் இவங்க படகுலயே தீவுக்குப் போயிடு. அங்க ரடோல்ட் மூக்கைக்கூட நீட்டமாட்டான். அங்கிருந்து உன் ஜனங்ககிட்ட போற வழி உனக்குத் தெரியும்."

ஐபிகே அதை ராணியின் இடக்கையில், அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்து, நீல நூல் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தன் முக்காட்டைக் கிழித்துக் கட்டினாள். கலைந்திருந்த தலைமயிரை ஒதுக்கினாள். போஷாவும் லாம்பெர்ட்டும் மூடியைத் தூக்கி வைத்தார்கள். மூக்கில்லாத கிழவன் விரல்களற்ற கையால் சுத்தியலை அவள் பக்கம் தள்ளினான். அவள் ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டாள்.

"மகளே!" வட்டத்துக்கு வெளியிலிருந்து அன்னை பிரோஷ்கா கெஞ்சினாள். நோயாளிகளின் தோள்களுக்கு இடையே கையை நீட்டவும் துணிவில்லை, விலகவும் மனமில்லை. "ஒரே ஒரு முடி. மூடறதுக்கு முன்னால ஒரே ஒரு முடி குடுத்துடுடி. மழைக்காலம் வருதுடி."

ஐபிகே அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாய் நிறைய ஆணி இருந்தது. ஒன்றை உருவி, மூடியின் மூலையில் நிறுத்தி, ஓங்கி அடித்தாள்.